மருத்துவருக்குத் துணை நின்றோர்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவன் ஒருவன், அந்நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, அம்மருந்தை அருகிலிருந்து கொடுப்பவன் ஒருவன். இந்நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. உரை வகுத்த பரிமேலழகர் இவனுக்குரிய தகுதிகளையும் நான்காக எண்ணிக் கூறுகின்றார். நோயாளியிடத்தில் அன்பு வேண்டும், மனம் மொழி மெய் மூன்றிலும் தூய்மை வேண்டும், சொன்னவற்றைச் சொன்னவாறு செய்து முடிக்கும் ஆற்றல் வேண்டும், அறிவும் வேண்டும். மருத்துவரைப் பற்றி நாம் நிறையப் பேசுகின்றோம். இந்த நான்காமவரைப் பற்றிப் பேசுவது குறைவு. இன்று அவருடைய வரலாற்றைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

இதனைப் பேச என்னைத் தூண்டியவள் என் பழைய மாணவி ஒருத்தி. அவள் 'பிசிஷியன் அசிஸ்டென்ட்' என்னும் மருத்துவத் துணைவர் படிப்பைப் படித்துப் பட்டம் பெற்று, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றுகின்றாள். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள் என்னையும் பார்க்க வந்தாள். சிறிது நேரம் பேசியிருந்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சார், வார்டிலே எல்லாரும் என்னை டாக்டர்னுதான் கூப்பிடுகாவ. நான் டாக்டர் இல்லேன்னு சொன்னா, பின்னே இங்கே ஒனக்கு என்ன சோலின்னு கேக்காவ. சொல்லாம இருந்தா எனக்கே மனசு உறுத்துது. நான் அங்கே யாரு சார்?"

நாற்பதாண்டுக் காலம் பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய எனக்கு, அன்று விடை உடனே வரவில்லை. யோசித்துச் சொல்கின்றேன் என்று அனுப்பிவைத்தேன். பின்னர்ப் பழைய நூல்களையும் சட்டங்களையும் புரட்டினேன். அவளுடைய கேள்வி நம் நாஞ்சில் நாட்டு மண்ணிலேயே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நின்றுகொண்டிருக்கும் கேள்வி என்பது அப்பொழுது தெரிந்தது.

நாகர்கோவிலுக்கு மேற்கே சில மைல் தொலைவில் உள்ளது நெய்யூர். இங்கு 1838-ஆம் ஆண்டில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அவர் விலகவே, பணி நின்றுபோயிற்று. பின்னர் டாக்டர் சார்லஸ் லீச் வந்தார். அவர் 1854-இல் முட்டம் கடலில் மூழ்கி இறந்தார். மீண்டும் பணி நின்றது. 1861-இல் டாக்டர் ஜான் லோ வந்து சேர்ந்தார். ஒருவர் வந்தால் விளக்கு எரிவதும், அவர் போனால் அணைவதுமாக இருந்த நிலையை அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். 1864-இல் இவ்வூர்ப் பக்கத்து இளைஞர்கள் சிலரைச் சேர்த்து ஒரு மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். புண் கட்டுதல், மருந்து கலத்தல், நோயறிதல், சிறு அறுவை என்பனவற்றைப் படிப்படியாகக் கற்பித்தார்.

இவ்விளைஞர்கள் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களைத் தேர்வு செய்யவில்லை. எந்தச் சட்டமும் அவர்களை அறியவில்லை. ஆயினும் 1868-இல் லோ தாய்நாடு திரும்பியபொழுது விளக்கு அணையவில்லை. 1873-இல் டாக்டர் தாம்சன் வரும்வரையில், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், நெய்யூர் மருத்துவப் பணியை நடத்தியவர்கள் லோவிடம் பயின்ற இந்நாட்டு உதவியாளர்களே. பின்னாளில் நெய்யூரைச் சுற்றிக் கிளை மருந்தகங்கள் பெருகியதும் இத்தகைய உதவியாளர்களால்தான். எவரெஸ்ட் மலை ஏற முயன்ற டாக்டர் ஹாவர்டு சாமர்வெல் 1922-இல் நெய்யூரைப் பார்க்க வந்து, ஒரே ஒரு அறுவை மருத்துவரைச் சூழ்ந்து நின்ற நோயாளர் கூட்டத்தைக் கண்டு மனம் மாறி, தம் வாழ்நாளை இங்கே செலவிட முடிவு செய்த கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். அவர் பெயரை உலகம் அறியும். அவருக்கு முன்னும் பின்னும் அக்கூட்டத்துக்குப் புண் கட்டியவர்களின் பெயர்களை ஊரே மறந்துவிட்டது.

இங்கு ஒரு கேள்வி எழுகின்றது. அந்த ஐந்தாண்டுகளில் உதவியாளர் ஒருவரின் கையால் நோயாளி பிழைத்தால் புகழ் யாருக்கு? இறந்தால் பொறுப்பு யாருக்கு? புகழ் பெரும்பாலும் வெள்ளைக்கார மருத்துவருக்குப் போயிற்று. பொறுப்பைக் கேட்க அக்காலத்தில் ஓர் இடமே இல்லை. பணி இருந்தது; பதிவு இல்லை. இந்நிலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலிலேயே மற்றொரு கதை உண்டு. இரட்சணிய சேனையைச் சேர்ந்த ஹாரி ஆண்ட்ரூஸ் என்னும் இளைஞர் 1890-களில் தாம் தங்கியிருந்த வீட்டின் குளியலறையையே மருந்தகமாக்கி, வந்த ஏழைகளுக்கு மருந்து கொடுத்தார். அப்பொழுது அவர் மருத்துவர் அல்லர். இரக்கம் ஒன்றே அவருடைய தகுதி. அந்தச் சிறு விதையிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய காதரின் பூத் மருத்துவமனை. 1900-ஆம் ஆண்டின் இறுதியில் டாக்டர் பெர்சி டர்னர் வந்த பின்னரே அது முறையான மருத்துவமனையாக உருப்பெற்றது. ஆண்ட்ரூஸ் இரக்கத்தோடு அமைந்துவிடவில்லை. பின்னர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். 1919-இல் வடமேற்கு எல்லைப் போரில், காயமுற்றோரைக் குண்டு மழையினூடே காப்பாற்றிக்கொண்டிருந்தபொழுது உயிர் துறந்தார். அவருக்கு விக்டோரியா சிலுவை என்னும் உயர்ந்த வீர விருது இறந்தபின் வழங்கப்பெற்றது. இரக்கமே போதும் என்று எண்ணுவோருக்கு அவர் வாழ்க்கை ஒரு பாடம். மிகுந்த இரக்கம் உடைய அவரே, அது போதாது என்று கண்டு கற்கச் சென்றார் அன்றோ!

கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்குச் செல்வோம். அங்கு மானிப்பாயில் 1840-களின் இறுதி முதல் மருத்துவம் கற்பித்தவர் அமெரிக்கரான டாக்டர் சாமுவேல் கிறீன். ஆங்கிலத்தில் பயின்ற மாணவர்கள் அரசாங்க வேலையை நாடி ஊரைவிட்டுப் போவதை அவர் கண்டார். தமிழிலே கற்றவர் தம் மக்களிடையே தங்குவர் என்று கருதி, 1860-களில் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். உடற்கூறு முதலிய துறைகளில் தமிழ் நூல்களை ஆக்கவும் ஆக்குவிக்கவும் செய்தார். நெய்யூரிலும் மானிப்பாயிலும் எழுந்த எண்ணம் ஒன்றே. பெரிய மருத்துவர் எல்லா ஊருக்கும் வரமாட்டார். ஆதலின் ஊரிலேயே தங்கும் ஒருவரைப் பயிற்ற வேண்டும் என்பதே அவ்வெண்ணம்.

அரசாங்கமும் இதே தேவையை உணர்ந்திருந்தது. இன்று சென்னை மருத்துவக் கல்லூரி என்று நாம் பெருமையோடு சொல்லும் நிலையம் 1835-இல் ஒரு மருத்துவப் பள்ளியாகத் தொடங்கியபொழுது, இராணுவ மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்தாளரையும் புண் கட்டுவோரையும் உருவாக்குவதே அதன் முதல் நோக்கம். உதவியாளர் பள்ளியே பின்னர் மருத்துவர் கல்லூரி ஆயிற்று. நாளடைவில் இரு படிகள் அமைந்தன. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் ஒரு படி. மருத்துவப் பள்ளியில் குறைந்த காலம் பயின்று எல்.எம்.பி. முதலிய சான்றிதழ் பெற்றவர் மற்றொரு படி. இரண்டாம் படியினரையே ஊர் மக்கள் மிகுதியாகக் கண்டனர். ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் வேலூரில் பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் எல்.எம்.பி. பள்ளியே, அங்கே பட்டப் படிப்பு வந்தது 1942-இல்தான்.

பணி செய்வோர் பெருகவே, பதிவேடு பற்றிய எண்ணமும் வந்தது. பதிவேடு என்றால் என்ன? இங்கிலாந்தில் 1858-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் இயற்றப்பெற்றது. தகுதி பெற்ற மருத்துவர் யார், பெறாதவர் யார் என்பதை நோயாளி பிரித்தறிய வேண்டும் என்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. மருத்துவர்களுக்குச் சிறப்புச் செய்வதற்காக அச்சட்டம் பிறக்கவில்லை. நோயாளி ஏமாறாமல் இருப்பதற்காகப் பிறந்தது. நம் நாட்டில் சென்னை மாகாணம் 1914-இல் மருத்துவர் பதிவுச் சட்டம் இயற்றியது. இல்லாத மருத்துவப் பட்டத்தைச் சூட்டிக்கொள்வதைத் தடுக்க 1916-இல் இந்திய மருத்துவப் பட்டங்கள் சட்டம் வந்தது. அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது நம் பகுதி. விடுதலைக்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி அரசு 1953-இல், நவீன மருத்துவம், ஓமியோபதி, நாட்டு மருத்துவம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் யாவரையும் ஒரே சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

இனி வரலாற்றின் ஒரு திருப்பத்தைச் சொல்கின்றேன். 1933-இல் இந்திய மருத்துவக் கழகச் சட்டம் இயற்றப்பெற்றபொழுது, அது பட்டம் பெற்றவர்களைக் கருத்திற்கொண்டது; எல்.எம்.பி. மருத்துவர்களை விட்டுவிட்டது. அவர்கள் மாகாணப் பதிவேட்டில் இருந்தனர். அனைத்திந்திய அளவில் அவர்களுக்கு இடமில்லை. 1943-இல் அமைக்கப்பெற்று 1946-இல் அறிக்கை தந்த போர் குழுவின் கணக்கைப் பாருங்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவர் 47,524 பேர். அவர்களுள் 29,870 பேர் எல்.எம்.பி. போன்ற சான்றிதழ் பெற்றவர்கள். 17,654 பேரே பட்டதாரிகள். அதாவது, நூற்றுக்கு அறுபத்திரண்டுக்கு மேற்பட்டோர் இரண்டாம் படியினர். அவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 6,300 மக்களுக்கு ஒரு மருத்துவரே இருந்தார்.

இத்தகைய நிலையில் போர் குழு என்ன பரிந்துரைத்தது? மருத்துவரில் இரு படிகள் வேண்டா. எல்லாரும் பட்டப் படிப்பே படிக்கட்டும் என்றது. சிற்றூராருக்கு ஒரு தரம், நகரத்தாருக்கு ஒரு தரம் என்று விடுதலை பெறப்போகும் நாட்டில் பிரிப்பது நீதியா என்பது அதன் உள்ளக் கிடக்கை. அஃது உயர்ந்த எண்ணமே. குழுவிலேயே சிலர் அதற்கு மாறுபட்டனர். மருத்துவர் இவ்வளவு குறைவாக உள்ள நாட்டில் குறுகிய காலப் படிப்பை நிறுத்தலாமா என்பது அவர்களின் கவலை. உயர்ந்த எண்ணமே வென்றது. சென்னை மாகாணத்தில் அதற்கு முன்பே மாற்றம் தொடங்கிவிட்டது. ஸ்டான்லி மருத்துவப் பள்ளி 1938-இலேயே கல்லூரி ஆகியிருந்தது. மற்றப் பள்ளிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லூரிகளாயின, அல்லது மூடப்பட்டன. 1956-இல் இயற்றப்பெற்ற புதிய மருத்துவக் கழகச் சட்டம், நாட்டில் இன்னும் பணியாற்றிக்கொண்டிருந்த எல்.எம்.பி. மருத்துவர்களுக்குக் கழகத்தில் இடம் தந்தது. உரிமை வந்தபொழுது, அவர்களை உருவாக்கிய பள்ளிகள் மறைந்துகொண்டிருந்தன.

பள்ளிகள் மூடப்பட்டன, ஆனால் தேவை மூடப்பட்டதா? இல்லை. காய்ச்சல் சிற்றூருக்கு வருவதை நிறுத்தவில்லை. சட்டம் விட்ட இடத்தை வேறு பலர் நிரப்பினர். இதனை நான் நூலிலிருந்து சொல்லவில்லை, கண்டதைச் சொல்கின்றேன்.

1970-களின் தொடக்கத்தில் நான் நடுநிலைப் பள்ளி மாணவன். எங்கள் ஊரில் கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். பெரிய மருத்துவமனை ஒன்றில் பல ஆண்டுகள் மருந்து கலந்து பழகி, முதுமையில் ஊருக்குத் திரும்பியவர். எல்லாரும் அவரைக் கம்பவுண்டர் அண்ணாச்சி என்றே அழைத்தோம். டாக்டர் என்று யாராவது சொன்னால் உடனே மறுப்பார். ஒருநாள் இரவு என் தம்பிக்கு வயிற்றுவலியும் காய்ச்சலும் கண்டன. அண்ணாச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வலப்புறம் கீழே அழுத்தியபொழுது தம்பி அலறினான். வலி தணிய மருந்து தாருங்கள் என்று என் தாய் கெஞ்சினாள். அவர் தரவில்லை. "இது எனக்க கைக்கு அடங்காது. வலியை அமத்தீட்டா அங்கே டாக்டருக்குத் தெரியாமப் போவும். ஒடனே நெய்யூருக்குக் கொண்டு போங்க" என்றார். வலி எப்பொழுது தொடங்கிற்று, எங்கே தொடங்கி எங்கே நகர்ந்தது என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, வாடகைக் காரையும் அவரே அழைத்து வந்தார். தம்பி பிழைத்தான். இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கின்றான்.

அதே ஆண்டில் பக்கத்து ஊரில் மற்றொருவர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அவர் எங்கே கற்றார், யாரிடம் கற்றார் என்பது ஒருவருக்கும் தெரியாது. வாசலில் டாக்டர் என்று பலகை இருந்தது. என் வகுப்புத் தோழன் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தபொழுது அவர் மூன்று நாள் தொடர்ந்து ஊசி போட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்ட தந்தையிடம், தேவையில்லை என்றார். நான்காம் நாள் கொண்டுபோனார்கள், காலம் கடந்துவிட்டது. அந்த ஆண்டு முழுவதும் எங்கள் வகுப்பில் மூன்றாம் பெஞ்சின் ஓரம் காலியாகவே இருந்தது.

இவ்விருவருக்கும் மருத்துவப் பட்டம் இல்லை. பட்டத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இருவரும் ஒன்றே. ஆனால் இருவரும் ஒன்றல்லர் என்பது சிறுவனாகிய எனக்கே தெரிந்தது. எது வேறுபாடு என்பதைச் சொல்லத்தான் தெரியவில்லை. இப்பொழுது தெரிகின்றது. அண்ணாச்சி ஒரு மருத்துவமனையில் முறையாகக் கற்றவர். தம் எல்லையை அறிந்தவர். எல்லைக்கு அப்பால் யாரிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் அறிந்தவர். தம்மை வேறொருவராகக் காட்டிக்கொள்ளாதவர். மற்றவரிடம் இந்நான்கில் ஒன்றும் இல்லை. அண்ணாச்சியின் நெஞ்சில் இருந்த அந்த ஒழுங்கை நாட்டிலுள்ள எல்லா உதவியாளருக்கும் பொதுவாக்குவதற்குச் செய்யும் முயற்சியே தொழிற்பதிவுச் சட்டம். ஒருவருடைய நற்குணத்தை நம்பி ஓர் ஊர் வாழலாம். ஒரு நாடு அவ்வாறு வாழ முடியாது.

கம்பவுண்டர்களுக்கு அத்தகைய சட்டம் 1948-இல் வந்தது. மருந்தியல் சட்டம் என்னும் அது மருந்தாளுநர் பதிவேட்டை ஏற்படுத்தியது. முதற்பதிவின்போது, மருத்துவமனை அல்லது மருந்தகத்தில் ஐந்தாண்டுக்குக் குறையாமல் மருந்து கலந்து பழகியவர்களுக்கும் அதில் இடம் தந்தது. பழைய தொழிலாளரைத் தெருவில் விடாமல், இனி வருவோருக்குப் படிப்பை வகுத்த முறை அது. செவிலியருக்கும் மருத்துவச்சியருக்கும் சென்னை மாகாணத்தில் 1926-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நோயாளியைப் பரிசோதித்து, மருத்துவரின் மேற்பார்வையில் சிகிச்சையில் பங்குகொள்ளும் துணைவருக்கு நெடுங்காலம் எந்தப் பதிவேடும் இல்லை.

அத்தகைய துணைவர் புதிய பெயரோடு மீண்டும் தோன்றியது அமெரிக்காவில். 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றி வந்த நால்வரைச் சேர்த்துக்கொண்டு இப்படிப்பைத் தொடங்கினார். இந்தியாவில் இது தொடங்கியது நம் தமிழ்நாட்டிலேயே. 1992-இல் சென்னையில் மதராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனையில், இதய அறுவை மருத்துவர் டாக்டர் கே. எம். செரியன் இதனைத் தொடங்கிவைத்தார். என் மாணவி படித்த படிப்பின் வேர் அதுதான்.

சிற்றூர்த் தேவையை நிறைவு செய்ய வேறு மாநிலங்கள் வேறு வழியை நாடின. சத்தீஸ்கர் மாநிலம் 2001-இல் ஒரு சட்டம் இயற்றி மூன்றாண்டு மருத்துவப் படிப்பைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அப்படிப்பு நின்றது. படித்து முடித்தவர்கள் ஊரக மருத்துவ உதவியாளராயினர். அசாம் மாநிலமும் 2004-இல் இயற்றிய சட்டத்தின்படி மூன்றாண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. வழக்கு எழுந்தது. அந்தச் சட்டம் மைய அரசின் மருத்துவக் கழகச் சட்டத்துக்கு முரணானது என்று கௌகாத்தி உயர்நீதிமன்றம் 2014-இல் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 2023 சனவரியில் அம்முடிவை உறுதிசெய்தது. ஆயினும் அசாம் அரசு அவர்களுக்காக 2015-இல் இயற்றிய மற்றொரு சட்டத்தை உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. அச்சட்டத்தின்படி அவர்கள் சமுதாய நலவாழ்வுப் பணியாளராகப் பணிபுரியலாம். மாணவர்களே, இத்தீர்ப்பை ஊன்றிக் கவனியுங்கள். அவர்கள் பணி செய்யக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எந்தப் பெயரில், எந்தச் சட்டத்தின்கீழ், எந்த எல்லைக்குள் என்பதே அங்கு வழக்காயிற்று.

2019-இல் இயற்றப்பெற்ற தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் இவ்வெல்லையை வரைந்து காட்ட முயன்றது. நவீன மருத்துவத்தோடு தொடர்புடையவர்களுக்குச் சமுதாய நலவாழ்வு வழங்குநர் என்னும் பெயரில் வரம்புடைய உரிமம் அளிக்க அச்சட்டம் இடம் தருகின்றது. அத்தகையவர் தொகை, பதிவு பெற்ற மருத்துவர் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தொடக்கநிலை மருத்துவத்திலும் நோய்த்தடுப்பிலும் மட்டும் குறிப்பிட்ட மருந்துகளைத் தாமே எழுதித்தரலாம். மற்றவற்றில் மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். இதனை எதிர்த்து நாடெங்கும் மருத்துவர்கள் போராடினர். அரைகுறை மருத்துவரைச் சட்டமே உருவாக்குகின்றது என்பது அவர்களின் அச்சம். அவ்வச்சத்தை எள்ளி நகையாடக் கூடாது. மூன்றாம் பெஞ்சின் ஓரத்தை நான் மறக்கவில்லை. பின்னர் 2021-இல் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் மருத்துவத் துணைவரின் பெயரும் இடம்பெற்றது. நெய்யூர் உதவியாளர்களுக்கு இல்லாத பதிவேட்டுக்கு, 1864-இலிருந்து 157 ஆண்டுகள் கழித்து, நாட்டுச் சட்டத்தில் ஒரு வழி பிறந்தது.

இக்கேள்வி நம் நாட்டுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டா. 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய இங்கிலாந்தின் பொது மருத்துவக் கழகம், 2024 டிசம்பர் 13-ஆம் நாள் முதல்தான் அந்நாட்டு மருத்துவத் துணைவர்களையும் தன் பதிவின்கீழ்க் கொண்டுவந்தது. அதற்கிடையே அங்கும் பெரும் பூசல். நோயாளிகள் துணைவரை மருத்துவர் என்று மயங்குகின்றனர் என்பது குற்றச்சாட்டு. அரசு அமைத்த ஆய்வின் அறிக்கையைப் பேராசிரியர் ஜில்லியன் லெங் அம்மையார் 2025 ஜூலையில் அளித்தார். துணைவரின் பெயர் உதவியாளர் என்று தெளிவாக மாற வேண்டும். அவரை நோயாளி எளிதில் அடையாளம் காண வேண்டும். இன்ன நோய் என்று இன்னும் அறியப்படாதவரை அவர் முதலில் பார்ப்பதற்கு வரையறை வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். பெயர்ப் பலகையைப் பற்றியா இவ்வளவு ஆராய்ச்சி என்று சிலருக்குத் தோன்றலாம். பக்கத்து ஊர் வாசலில் தொங்கிய பலகையை நினைத்துக்கொண்டால் அவ்வாறு தோன்றாது.

நான் இடைநிலை ஆசிரியராகப் பயிற்சி பெற்றுப் பணியில் சேர்ந்தவன். எந்த வகுப்புவரை நான் கற்பிக்கலாம் என்பதை என் சான்றிதழே வரையறுத்தது. மேல்வகுப்புக்குச் செல்ல விரும்பியபொழுது மேற்கொண்டு படித்துத் தேறினேன். அக்காலத்தில் என்னை யாரும் அரை ஆசிரியர் என்று சொல்லவில்லை. நானும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததை இழிவாக நினைக்கவில்லை. எல்லை வகுத்தது என்னைச் சிறுமைப்படுத்தவில்லை. என் சொல்லுக்கு மதிப்புத் தந்தது. தகுதியற்றவர் ஒருவர் என் இடத்தில் வந்து உட்காராமல் காத்ததும் அச்சான்றிதழ்தான்.

ஆதலின் மருத்துவரின் அருகில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் சமுதாயம் மூன்று கேள்விகளைக் கேட்க உரிமை உடையது. உனக்குக் கற்பித்தவர் யார்? உன் எல்லை எது? நீ தவறினால் யாருக்கு விடை சொல்வாய்? நெய்யூர் உதவியாளர்கள் முதற்கேள்விக்கு விடை சொல்லியிருப்பர்; மற்ற இரண்டுக்கும் அவர்கள் காலத்தில் ஏட்டில் விடை இல்லை. பக்கத்து ஊர்க்காரர் ஒன்றுக்கும் விடை சொல்லியிருக்க மாட்டார். சமுதாயத்துக்கும் ஒரு கடமை உண்டு. இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை சொல்பவரை அது மதிக்க வேண்டும். அவர் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். மருத்துவர் இல்லாத குறையை மறைக்கும் திரையாக அவரைப் பயன்படுத்தலாகாது. எல்.எம்.பி. மருத்துவர்களுக்கு 1933-இல் செய்த பிழை அவர்களைப் பேரேட்டிலிருந்து விட்டது. அவர்களுடைய பள்ளிகளை மூடியபொழுது செய்த பிழை வேறு. அவர்கள் இடத்தை நிரப்புவோர் யார் என்று கேளாமல் விட்டதே அப்பிழை.

என் மாணவி விடுமுறை முடிந்து புறப்படும் முன் மீண்டும் வந்தாள். அவளிடம் நான் சொன்னது இதுதான்: "மக்களே, உன்னை டாக்டர் என்று அழைப்பவரிடம், நான் டாக்டருக்குத் துணையாக இருப்பவள் என்று ஒவ்வொரு முறையும் சொல். உனக்கு இங்கே என்ன சோலி என்று கேட்டால், நீ செய்வதைச் செய்கின்றபடியே சொல். எது உன் கைக்கு அடங்காதோ, அதை அடங்காது என்று சொல்லும் துணிவு உனக்கு இருக்கட்டும்." அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, கழுத்தில் மாட்டும் தன் அடையாள அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அதில் அவள் பதவியின் பெயர் மிகச் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. "இதைப் பெரிசா போடச் சொல்லிக் கேக்கேன் சார்" என்றாள்.